18 வயதுக்குப் பின் ஒரு முகவரி



1991இல் சிவகாசி அருகே மீனம்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தை விருதுநகரின் இந்த அரங்கில் உள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். சிவகாசி விபத்துச் செய்தியைக் கண்டு உச்ச நீதிமன்றம் தானாகவே குழந்தைத் தொழிலாளர் வழக்கைக் கையிலெடுத்தது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இன்று 18 வயது நிரம்பாத யாரையும் பட்டாசு வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. போராடிப் பெற்ற எல்லை அது. ஆனால் குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளையை வெளியே அனுப்பும் வயதும் 18தான். இல்லத்தின் கதவு சாத்தப்படும் அன்றைக்கே ஆலையின் கதவு திறக்கிறது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் நாற்பது பேர்வரை இறந்தார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் ஓயவில்லை. பெற்றவர்களை இழந்த பிள்ளைகளைப் பாட்டியோ சித்தியோ வளர்க்கிறார்கள். அதற்கும் ஆளில்லாத பிள்ளை இல்லத்துக்குப் போகிறது. விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்விவரை அரசே செலவை ஏற்கும் என்று முதலமைச்சர் 2024 நவம்பரில் இதே விருதுநகரில் அறிவித்தார். முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் நிதி ஒதுக்குவதாகவும் சொன்னார். மனமார வரவேற்கிறேன். ஆனால் செமஸ்டர் லீவுக்குக் கல்லூரி விடுதியைப் பூட்டும்போது மற்ற பிள்ளைகள் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். இல்லத்தில் வளர்ந்த இந்தப் பிள்ளை எந்த ஊருக்கு ஏறும்?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்தைவிட்டு வெளியேறுவோருக்கு 21 வயதுவரை பிற்காப்பு உதவிக்கு வழி வைத்திருக்கிறது. மிகத் தேவையானால் 23 வரை நீட்டலாம். ஒன்றிய அரசின் வாத்சல்யா திட்டத்தில் இந்த உதவி மாதம் 4,000 ரூபாய். வாடகையும் சாப்பாடும் அதற்குள் அடங்குமா? பணம் இருந்தாலும் வீட்டுக்காரர், "அப்பா என்ன பண்றாரு? கூட யாரு இருக்கா?" என்று கேட்பார். பேச்சிலருக்கு வீடு இல்லை என்பார். ஆலையிலோ இந்தக் கேள்வி கிடையாது. தெரிந்தவர் ஒருவர் கூட்டிப்போவார், அட்வான்ஸ் கிடைக்கும், காலையில் வண்டி வரும். பெற்றவர்களைப் பறித்த வெடிமருந்தையே அந்தப் பிள்ளை கையில் எடுப்பதற்கு விருப்பம் காரணமல்ல, போக்கிடம் இல்லாததுதான் காரணம்.

இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி அரசுப் பராமரிப்பிலிருந்து வெளிவந்தவர்களுக்கு 25 வயதுவரை தனி ஆலோசகரின் துணையை உறுதிசெய்கிறது. நம் வீடுகளிலும் 18இல் யாரையும் வெளியே அனுப்புவதில்லையே!

இந்தப் பிள்ளைகளுக்கு நான் கேட்பது இடைக்கால வீடு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, விருதுநகர் பஸ் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு நடத்தும் தோழி விடுதிகள் நல்லவைதான். முதல் சம்பளம் வாங்காத பெண் அங்கே எப்படிக் கட்டணம் கட்டுவாள்? இந்த வீட்டில் ஐ.டி.ஐ. படிக்கலாம், வேலை தேடலாம். ஆதாருக்கு அதுவே முகவரி. சம்பளம் வந்ததும் சிறு வாடகை வாங்கி, அதைச் சேர்த்துவைத்து, போகும்போது புது வீட்டு அட்வான்ஸாகத் திருப்பித் தர வேண்டும். வேலை போனால் திரும்பி வரலாம். தீபாவளியன்றும் அடுப்பெரிய வேண்டும். கட்டடத்தை மாவட்ட நிர்வாகம் தரட்டும். பொறுப்பாளரின் சம்பளத்தையும் சமையல் செலவையும் பட்டாசு உற்பத்தியாளர்கள் ஏற்கட்டும். அவர்களில் சிலர் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் உங்களோடு உட்கார்ந்து பேச நான் காத்திருப்பேன்.