மாட்டுக்கு வைத்தியர், மனைவிக்குத் தலைவிதியா?



கன்று போட்ட பசுவுக்குக் கர்ப்பப்பை வெளியே தள்ளிவிட்டால், நடுராத்திரி என்றும் பாராமல் மாட்டு வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். அது மாட்டின் தலைவிதி என்று எவனும் சும்மா இருப்பதில்லை. அதே அடிதள்ளல் வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் மாத்திரம் கிரகதோஷம், பூர்வஜென்ம பாவம் என்கிறோம். அவளும் வெட்கத்தால் மறைத்துக்கொண்டு, வருஷக்கணக்காய் அந்த உபத்திரவத்தோடேயே களையெடுக்கப் போகிறாள். மாட்டுக்குள்ள மதிப்புக்கூட அவளுக்கு இல்லையா?

இதில் தெய்வக் குற்றம் எங்கே இருக்கிறது? இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில் போலுள்ள தசைகளும் நார்களுந்தான் கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவது, நீடித்த பிரசவ வேதனை, பச்சை உடம்போடு பாரம் தூக்குவது, தீராத இருமல், மலச்சிக்கல், வயது ஆகிய இவைகளால் அவை தளருகின்றன. தளர்ந்தால் மேலேயிருப்பது இறங்குகிறது, அவ்வளவுதான்.

பரிகாரமும் கோவிலில் இல்லை. அத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948-லேயே கெகல் என்னும் அமெரிக்க டாக்டர் விளக்கி எழுதினார். ஆரம்பத்தில் அது உதவும். உள்ளே பொருத்தும் வளையம் உண்டு. முற்றினால் ஆபரேஷன் உண்டு.

இந்து ராஜ்யமென்று பேர்பெற்றிருந்த நேபாளத்திலேயே, இந்நோயைக் கவனியாது விடுவது பெண்களின் உரிமையைப் பறிப்பதாகும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகையால் ஆண்களே! பிள்ளைகளைக் குறையுங்கள். பெற்றவளின் சுமையைக் குறையுங்கள். "அடி இறங்குகிறது" என்று அவள் வாய் திறந்தால், மந்திரவாதியிடமல்ல, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வெட்கப்பட வேண்டியவள் அவளல்ல. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற நாம்தான்!