பார்த்த பின் எழும் வினா

(விழாவின் மாலை நிகழ்ச்சியில், ஆவணப்படத் திரையிடலுக்கு முன் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சிறிது நேரத்தில் இம்மண்டபத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டு ஆவணப்படம் ஒன்று திரையிடப்படவிருக்கிறது. இத்தகைய படங்களை எவ்வாறு பார்க்க வேண்டும் என்பது குறித்துச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்துள்ளார்கள்.

என் இளமைக் காலத்தில் திரையரங்குகளில் கதைப்படம் தொடங்குமுன் பிலிம்ஸ் டிவிஷன் படம் ஒன்றைக் கட்டாயமாகக் காட்டுவார்கள். 1948-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் அது. அந்தப் பத்து நிமிடங்களில் நாங்கள் வெளியே சென்று முறுக்கும் கடலைமிட்டாயும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஆவணப்படம் என்பது உண்மையான படம் வரும்வரை காத்திருக்கும் நேரம் என்ற எண்ணம் எங்கள் தலைமுறையில் பலருக்கு அவ்வாறு படிந்துவிட்டது. அவ்வெண்ணம் தவறென்று நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

நம் ஊரையே சான்றாக எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல்லில் பல குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழில். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், தோலிலிருந்து கழுவப்பட்ட உப்பும் பதனிடும் வேதிப்பொருள்களும் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பில் ஒரு கணக்கு குறிக்கப்பட்டுள்ளது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில், குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசடைந்துவிட்டன என்பதே அது. மாசு செய்தவரே அதற்கான ஈட்டுத்தொகையைச் செலுத்த வேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பே நிலைநாட்டியது.

அத்தீர்ப்பை நம்மில் எத்தனை பேர் வாசித்திருப்போம்? வாசித்தவருக்கும் 350 என்பது ஓர் எண்ணிக்கைதான். அவற்றுள் ஒரு கிணற்றின் மேட்டில் நிற்கும் முதியவர், எந்த ஆண்டு தண்ணீர் கரித்தது, எந்த ஆண்டு தென்னை பட்டது, எந்த ஆண்டு மகன் ஊரைவிட்டுப் போனான் என்று தம் வாயால் சொல்லும்போது அது ஒரு வாழ்க்கையாகிறது. ஆவணப்படம் செய்யும் பணி இதுவே.

இவ்விடத்தில் நம் மனம் ஒரு மறுமொழி சொல்லும். "நான் தோற்பொருளைத் தொடுவதில்லை; ஆகவே இத்தீமையில் எனக்குப் பங்கில்லை" என்று நினைக்கத் தோன்றும். நானும் அவ்வாறு நினைத்தவனே. அந்த நிம்மதியைக் குலைத்தது 2017-இல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் மனிதக் கழிவைக் கையால் அள்ளுவோரையும், மலக்குழிகளில் இறங்கி உயிரிழந்தோரின் குடும்பங்களையும் அது பேச வைத்தது. பொது இடங்களில் திரையிடுவதற்குத் தடைகள் எழுந்தன. யூடியூப் வழியாகவே அது பெரும்பாலோரைச் சென்றடைந்தது. நானும் அவ்வாறுதான் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு என் வீட்டின் பின்புறம் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் கழிவுநீர்த் தொட்டி நிரம்பியபோது, ஒருவரை அழைத்து வந்து அதனுள் இறக்கினோம். அழைத்தவன் நான், கூலி பேசியவனும் நானே. வேலை முடிந்து வெளியே வந்தவர், கைகால் கழுவத் தண்ணீர் கேட்டார். தெருமுனைக் குழாயைக் காட்டினேன். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று குனிந்து பார்த்து நடக்கப் பழகிய வீடு எங்களுடையது.

2013-ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்பின்றி எவரையும் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதைக் குற்றமாக்கியது. இவ்வேலையில் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். என் வீட்டுத் தொட்டிக்குள் யார் இறங்குகிறார் என்பதை முடிவு செய்பவன் நான்தான்.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, இத்தகைய படங்களைத் தனியே கைபேசியில் பார்த்து முடிக்காமல், குடும்பமாகவோ குழுவாகவோ பார்த்து, முடிந்தபின் அரைமணி நேரமேனும் பேசுங்கள். தனியே பார்ப்பவரின் இரக்கம் அடுத்த காட்சிப்பதிவு வந்ததும் கலைந்துவிடுகிறது.

இரண்டாவது, படம் காட்டுவதே முழு உண்மை என்று கொள்ளாதீர்கள். யார் எடுத்தார், எப்போது எடுத்தார், யாருடைய குரல் இதில் இடம்பெறவில்லை என்று வினவுங்கள். தோல் தொழிலாளியின் குரலும் கிணற்றுக்காரரின் குரலும் ஒருசேரக் கேட்கப்பட வேண்டும். பொருளொன்றைப் பல கோணங்களிலும் நோக்கச் சொல்லும் அநேகாந்த நெறியை அறிந்த நமக்கு இது புதிதன்று.

மூன்றாவது, ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் "இதில் என் பங்கு என்ன?" என்று கேளுங்கள். விடை சிறியதாக இருக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது கழிவுநீர் உறிஞ்சும் லாரியை மட்டுமே அழைக்கிறோம். யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாதென்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வருபவர்களுக்குச் சோப்பும் தண்ணீரும் எடுத்து வைக்கிறோம், பெயரைக் கேட்கிறோம். இது பெருமைக்குரிய செய்தியன்று, காலந்தாழ்ந்து செய்தது.

உங்கள் கைகளில் இன்று ஒளிப்படக் கருவி இருக்கிறது. அந்தப் 13 ஊர்களின் முதியோர் நமக்கு அருகிலேயே வாழ்கிறார்கள். அடுத்த ஆண்டு விழாவில், அவர்களுள் ஒருவரின் கிணற்றைப் பற்றி நீங்களே எடுத்த படம் இத்திரையில் ஓட வேண்டுமென்பது என் விருப்பம்.

விளக்குகளை அணைக்கும் நேரம் நெருங்கிவிட்டது.