புது வண்டிக்கு முதல் சர்வீஸ்: நம்ம வாசலில், நம்ம கண்முன்னே

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு "வாகனக் கடனும் பராமரிப்பும்". கடன் வாங்குறதையும் கட்டுறதையும் பற்றி இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால பராமரிப்பைப் பற்றி, அதிலும் புது வண்டியோட முதல் சர்வீஸைப் பற்றி மட்டும் பேசறேன்.

முதல்ல ஒரு பெருமையைச் சொல்லிடறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியது நம்ம மண்ணில்தான். 1989-ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தார்கள். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004-இல்தான் பிரிந்தோம். இன்னொரு பெருமையும் உண்டு. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது பக்கத்து ஓசூரிலிருந்துதான். கேரியர்ல பால் கேனும், முன்னால புல்லுக்கட்டுமா நம்ம வீட்டு ஆம்பளைங்க ஓட்டின வண்டி அது. குழுவும் வண்டியும் நம்ம மாவட்டத்துல பிறந்த ரெண்டு பிள்ளைங்க. ஆனா அந்த ரெண்டும் ஒண்ணா சேர ரொம்ப வருஷம் ஆச்சு.

இப்ப சேர்ந்திருக்கு. 2018-இல் பணிபுரியும் மகளிருக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்றார்கள். அதில் வாங்கினவங்க உண்டு. மானியம் இல்லாம உள்கடனிலும் வங்கிக் கடனிலும் வாங்கினவங்க அதைவிட அதிகம். எங்க குழுக்களில் மட்டும் ஒரே வருஷத்துல ஏழு பேர் புது வண்டி எடுத்தோம். மூணு மொபெட், ரெண்டு ஸ்கூட்டர், ரெண்டு கியர் வண்டி. கியர் வண்டியில ஒண்ணு என்னுது. காலையில பால், மதியம் தையல் துணி, வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தை. வண்டி ஒரு நாள் நின்னா என் வருமானமும் அன்னைக்கு நின்னுடும்.

ஆர்.சி. புத்தகத்துல பேர் நம்ம பேர். தவணை கட்டுறதும் நாம. ஆனா சர்வீஸுக்கு யார் கொண்டுபோறாங்க? வீட்டுக்காரர், இல்லைன்னா மகன். அங்க என்ன செஞ்சாங்க, எந்த ஆயில் ஊத்தினாங்க, எவ்வளவு வாங்கினாங்க, நமக்குத் தெரியாது. கேட்டா, "உனக்கு அதெல்லாம் புரியாது" என்கிற பதில். எனக்குத் தெரிஞ்ச ஒரு உறுப்பினர் வீட்டுல நடந்ததைச் சொல்றேன். மாம்பழ சீசன் வேலையில முதல் சர்வீஸ் கூப்பன் தேதி தாண்டிப்போச்சு. வீட்டுல யாரும் கவனிக்கல. மூணு மாசம் கழிச்சு இன்ஜின்ல சத்தம். கொண்டுபோனா, "முதல் சர்வீஸ் பண்ணலையே, வாரண்டியில பார்க்க முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. கைக்காசு போட்டு வேலை பார்த்தாங்க. அந்த அக்கா ரெண்டு மாசத் தவணையைக் குழுவுக்குக் கட்ட முடியாம தலைகுனிஞ்சு உட்கார்ந்திருந்ததை நாங்க எல்லோரும் பார்த்தோம். ஒரு கூப்பன் காகிதம் ஒரு பெண்ணோட தலையைக் குனிய வைக்குதுன்னா, அது வண்டி விஷயம் மட்டும் இல்ல, குழு விஷயம்.

முதல் சர்வீஸ் ஏன் இவ்வளவு முக்கியம்? நம்ம ஊர் சந்தைக் கணக்குல சொல்றேன். இளங்காளையை வாங்கினா முதல் நாளே முழு பாரம் ஏத்துவோமா? மெதுவா நுகத்துக்குப் பழக்குவோம். புது இன்ஜினும் அப்படித்தான். உள்ளே சிலிண்டர்னு ஒரு குழாய், அதுக்குள்ள மேலும் கீழும் போற பிஸ்டன், பிஸ்டனைச் சுத்தி வளையங்கள். புதுசுல இந்த வளையமும் சிலிண்டர் சுவரும் ஒண்ணோட ஒண்ணு உரசி, படிஞ்சு உட்காரும். அப்படி உரசும்போது மாவு மாதிரி இரும்புத்தூள் வரும். அது ஆயில்ல கலக்கும். அந்த ஆயிலையே வச்சு ஓட்டிக்கிட்டிருந்தா, தூள் போய் நல்ல பாகத்தையும் தேய்க்கும். அதனாலதான் முதல் ஆயிலைச் சீக்கிரமே வடிச்சுடணும். வடிச்ச ஆயிலை வெயில்ல பாருங்க, மினுமினுன்னு இருக்கும். எங்க ஏழு பேர் வண்டியிலயும் பார்த்தோம்.

ஆயில் மட்டும் இல்ல. புதுச் செயின் தளரும். கிளட்ச், பிரேக் கேபிள் கொஞ்சம் நீளும். நட்டு போல்ட் அதிர்வுல இளகும். இதெல்லாம் பழுது இல்ல. புது வண்டியோட இயல்பு. கட்டில் கயிறு புதுசுல தொய்ஞ்சா திரும்ப இழுத்துக் கட்டுறோமே, அது மாதிரி.

பெரும்பாலான வண்டிக்கு முதல் சர்வீஸ் 500-லிருந்து 1000 கிலோமீட்டருக்குள் வரும். கிலோமீட்டரோ நாளோ, எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு. வண்டி கொஞ்சமா ஓடுதுன்னு நாள் கணக்கை விட்டுடக் கூடாது. வண்டியோட வந்த புத்தகத்துல உங்க வண்டிக்கு எத்தனைன்னு தெளிவா போட்டிருக்கும்.

இதுல ஒரு சிக்கல். இலவச சர்வீஸ்னா கூலி மட்டும் இலவசம்; ஆயிலுக்குக் காசு. கிருஷ்ணகிரிக்குப் போய், வண்டியை விட்டுட்டு, சாயங்காலம் வரை காத்திருந்தா ஒரு நாள் வருமானம் போச்சு. அதுக்காக வீட்டிலேயே செஞ்சுட்டா கூப்பன்ல முத்திரை விழாது, வாரண்டிக்குச் சிக்கல். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க குழு ஒரு வழி கண்டுபிடிச்சது.

ஏழு பேரும் சேர்ந்து தீர்மான நோட்டுல எழுதினோம். வண்டி எடுத்த கடைகளுக்கு எங்க பிரதிநிதி நேர்ல போனாங்க. "இத்தனை வண்டி ஒரே ஊர்ல இருக்கு. கூட்ட நாள் அன்னைக்கு உங்க மெக்கானிக்கை அனுப்புங்க. எங்க வாசலிலேயே சர்வீஸ் பண்ணி, கூப்பன்ல முத்திரை போட்டு, ஆயிலுக்குப் பில் கொடுங்க"ன்னு கேட்டாங்க. ஒருத்தியா போய் கேட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க. குழுவா கேட்டதால ஒத்துக்கிட்டாங்க. கூடவே நாங்க ஒரு நிபந்தனை போட்டோம். மெக்கானிக் தம்பி செய்யட்டும், ஆனா ஒவ்வொரு வேலையையும் எங்களுக்குச் சொல்லிக்கிட்டே செய்யணும். முடிஞ்சதை எங்க கையாலயும் செய்ய விடணும்.

அன்னைக்குக் கத்துக்கிட்டதை ஐந்தாகப் பிரிச்சுச் சொல்றேன். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுறது, கணக்குன்னு நமக்குப் பஞ்ச சூத்திரம் இருக்கிற மாதிரி, வண்டிக்கும் ஐந்து.

முதலாவது, ஆயில். இன்ஜினை ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு அணைக்கணும். இளஞ்சூட்டுல ஆயில் இளகி நல்லா வடியும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தா கை வெந்துடும். சமதரையில நடு ஸ்டாண்டு போட்டு, கீழே பழைய பேசின் வச்சு, அடியில இருக்கிற ட்ரெயின் போல்ட்டைச் சரியான ஸ்பேனரால கழட்டணும். கட்டிங் பிளேயர் போட்டா போல்ட் முனை மழுங்கிடும். முழுசா வடிஞ்சதும் புது வாஷர் போட்டுப் பூட்டணும். இங்கதான் கவனம்: இன்ஜின் உடம்பு அலுமினியம். பலம் காட்டி முறுக்கினா மரை போயிடும். மரை போனா செலவு பெருசு. ஆயில் டப்பாவைக் கையில வாங்கிப் பாருங்க. 10டபிள்யூ30, 20டபிள்யூ40 மாதிரி எண் இருக்கும். புத்தகத்துல எதுன்னு போட்டிருக்கோ அதுதான். கியர் வண்டின்னா டப்பாவுல ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கணும். அதுல கிளட்ச் தட்டு ஆயிலிலேயே மூழ்கி இருக்கு. கார் ஆயில் ஊத்தினா தட்டு வழுக்கும், வண்டி இழுக்காது. அளவும் முக்கியம். அளவுக்கோலில் ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கணும். கூட ஊத்தினாலும் கெடுதல்தான்.

இரண்டாவது, செயின். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ச்செயினை விரலால மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. பல வண்டிகளுக்கு 20-லிருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும். ரொம்ப இறுக்கினாலும் தேயும், தளர்ந்தா கழண்டுக்கும். பின்சக்கரத்தின் ரெண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும். ரெண்டும் ஒரே எண்ணில் நிக்குதான்னு பாருங்க. இல்லைன்னா சக்கரம் கோணலா ஓடும். செயினைத் துடைக்கும்போது இன்ஜின் ஓடவே கூடாது. சாவியை எடுத்து இடுப்புல செருகிட்டு, முந்தானையை இழுத்துக் கட்டிட்டு, சக்கரத்தைக் கையால சுத்தித் துடைங்க. ஓடுற செயின்ல துணி மாட்டினா விரல் போயிடும்.

மூணாவது, பிரேக்கும் கிளட்சும். கிளட்ச் லீவர் ஒரு விரல் கனம் சும்மா ஆடணும், அப்புறம் பிடிக்கணும். பிரேக் பிடிச்சு விட்டதும் சக்கரம் தடையில்லாம சுத்தணும். சரி பண்ணினதும் தெருவுல மெதுவா ஒரு சுத்து ஓட்டிப் பார்க்காம மெக்கானிக்கை அனுப்பாதீங்க.

நாலாவது, நட்டு போல்ட். ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட், சைலன்சர், கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாத்தையும் ஒரு தடவை தொட்டு அசைச்சுப் பாருங்க. முக்கியமா சேலை கார்டு. பின்னால உட்காருறவங்களோட துணி மாட்டாம பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாம மறைப்பு இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதியே சொல்லுது. சிலர் "பார்க்க நல்லால்ல"ன்னு கழட்டி வச்சிருக்காங்க. சகோதரிகளே, அதை இன்னைக்கே திரும்ப மாட்டுங்க.

ஐந்தாவது, டயர் காத்தும் கணக்கும். காத்து எவ்வளவுன்னு செயின் கவரிலயோ புத்தகத்திலயோ எழுதியிருக்கும். பின்னால ஆள் ஏறினா அளவு மாறும். காலையில டயர் ஆறியிருக்கும்போது பிடிக்கணும். கடைசியா, தேதி, கிலோமீட்டர், என்ன மாத்தினோம், எவ்வளவு செலவு, எல்லாம் ஒரு நோட்டுல. கூப்பன் முத்திரையும் பில்லும் அதோட சேர்த்து வைங்க. தகராறு வந்தா நம்ம பேச்சுக்கு மதிப்பு இந்தக் காகிதம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, எழுதி வச்சுக்கோங்க.

சில வேலைகளை வீட்டுல தொடாதீங்க. டேப்பெட் செட்டிங், கார்புரேட்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், ஒயரிங் இதெல்லாம் கருவியும் பழக்கமும் வேணும். சொந்தமா என்ன செய்யலாம், எதை விட்டுடணும்னு தெரியறதும் தொழில்தான்.

வடிச்ச ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணுல ஊத்தாதீங்க, சாக்கடையில விடாதீங்க. மார்கண்டேய நதி ஓரத்துக் கிணத்துத் தண்ணியைத்தான் நாமும் மாடும் குடிக்கிறோம். மாட்டுப் புண்ணுக்குக் கருப்பாயில் தடவுற பழக்கம் சில வீட்டுல இருக்கு, அதையும் நிறுத்தணும். மாடு நக்கினா வயித்துக்குள்ள போகும். டப்பாவுல மூடி, மெக்கானிக்கிட்டயே திருப்பிக் கொடுங்க. நாங்க அப்படித்தான் கொடுத்தோம்.

"இனிமே எல்லாம் கரண்ட் வண்டிதானே, ஆயில் எதுக்கு"ன்னு நம்ம பொண்ணுங்க கேட்கறாங்க. நம்ம மாவட்டத்திலேயே போச்சம்பள்ளி பக்கம் ஓலா தொழிற்சாலை இருக்கு. பெண்களே நடத்துற தொழிற்சாலையா இருக்கும்னு 2021-இல் அறிவிச்சாங்க. கரண்ட் வண்டிக்கு இன்ஜின் ஆயில் இல்லதான். ஆனா பிரேக், டயர், நட்டு போல்ட், கணக்கு அதுக்கும் உண்டு. வண்டியைப் பூட்டித் தர்ற வேலையை நம்ம பொண்ணுங்க செய்யறாங்க. வாசல்ல நிக்கிற வண்டியை நாம தொட மாட்டோம்னு சொன்னா அது நியாயமா?

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. ஊரே சிரிச்சது, அவங்க ஓட்டினாங்க. அவங்க சைக்கிள் ஓட்டினதாலதான் நாம இன்னைக்கு மோட்டார் ஓட்டுறோம். சந்தையில மாடு வாங்கினா பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். மாட்டைவிட அதிக விலை கொடுத்த வண்டியைப் பார்க்காம விடலாமா?

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, வாகனக் கடன் கொடுக்கும்போதே முதல் சர்வீஸ் தேதியைக் கடன் பதிவேட்டில் எழுதி, அந்த மாசக் கூட்டத்துல ஞாபகப்படுத்தணும். ரெண்டு, புது வண்டிகள் சேர்ந்தா ஊர் வாசலிலேயே சர்வீஸ் முகாம் கேட்டு வாங்கணும். மூணு, ஸ்பேனர் செட், காத்து அளவுமானி, புனல், பேசின் எல்லாம் கூட்டமைப்புப் பேரில் ஒரு பெட்டி வாங்கி வைக்கணும். சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுற நாம, அந்தப் பெட்டியையும் குழுக்களுக்குச் சுத்துல விடலாம்.

இந்த மூணையும் தீர்மானமா நிறைவேத்தித் தரணும்னு உங்க எல்லோரையும் கேட்டுக்கறேன்.