நாடகம் முடிந்ததும் எழுந்து போகாதீர்கள்!

(ஓசூர்த் தொழிலாளர் குடியிருப்பில் நாடகத்திற்கு முன் ஆற்றிய உரை)



இன்னும் சற்று நேரத்தில் நாடகம் துவங்கும். முடிந்ததும் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். நமது வேலையே அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

"பீகாரிகளும் ஒடியாக்காரர்களும் வந்ததால்தான் நம் கூலி குறைந்தது" என்று டீக்கடையில் பேசக் கேட்கிறோம். கூலியைக் குறைத்தவன் யார்? ஆளைக் கூட்டிவந்த காண்ட்ராக்டரும், அவனை வைத்துக்கொண்ட முதலாளியும் அல்லவா! அவர்கள் பேச்சு மட்டும் டீக்கடையில் எழுவதே இல்லை.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிக் கிராமங்களின் கதை என்ன? மழை பொய்த்தால் மூட்டை முடிச்சுடன் அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள்தானே நாம்! 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் அங்கே கலகம் மூண்டபோது, அடிபட்டுக் குடிசை இழந்து ஓடிவந்தவர்கள் கூலித் தமிழர்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. அன்று பயந்து ஊருக்கு ரயிலேறிய தொழிலாளியின் அச்சமும் அதே அச்சந்தான். இதை நாம் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் மனதில் ஏறாது. நடித்துக் காட்டினால் ஏறும்.

1944ல் கல்கத்தாவில் மக்கள் நாடக மன்றம் பிஜன் பட்டாச்சார்யாவின் 'நபான்னா'வை மேடையேற்றியது. பஞ்சத்தில் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து, எச்சில் சோற்றுக்கு நாயோடு போராடும் குடியானவனை அதில் காட்டினார்கள். நடைபாதையில் அவனைத் தாண்டிப் போனவர்களே அன்று உட்கார்ந்து பார்த்தார்கள்.

டில்லி எல்லையில் சாகிபாபாத் இருக்கிறது. நம் ஓசூரைப்போல எல்லையோரத் தொழிற்பேட்டை. 1989 ஜனவரி 1 அன்று அங்கே ஜன நாட்டிய மஞ்ச் தெருநாடகம் நடத்தும்போது குண்டர்கள் பாய்ந்தார்கள். சப்தர் ஹஷ்மி மறுநாள் மாண்டார். அவரை அறிவோம். அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்ட ராம் பகதூரை எத்தனை பேர் அறிவோம்? நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி அவர். ஜனவரி 4 அன்று மாலயஸ்ரீ ஹஷ்மி, கணவரை இழந்த இரண்டாம் நாள், அதே இடத்தில் குழுவினருடன் நின்று நாடகத்தை நடித்து முடித்தார்.

இன்று மேடையில் ஒரு காண்ட்ராக்டர் கூலி எண்ணுவார். அது தவறாக இருந்தால் எழுந்து சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு பிடித்தான் என்று திருத்துங்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்கு இடப்பெயர்ச்சிப் படி தரவேண்டும் என்றது 1979ஆம் வருஷச் சட்டம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டத்தில் அந்தப் படியே இல்லை. இதையும் பேசவேண்டும்.

பாஷை ஒரு தடையல்ல. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் ஊர் இது. இந்தியில் சொல்வதைத் தமிழில் சொல்ல நம் தோழர்கள் இருவர் நிற்கிறார்கள்.

அதோ, சுவரோரம் நிற்கும் பீகார்த் தோழர்களை முன்னால் வரச் சொல்லுங்கள். பாயில் இடமிருக்கிறது. சற்று நகர்ந்து உட்காருங்கள்.