பெயரைச் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள்

(மீஞ்சூர் கடைவீதிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலில் இந்தக் காகிதத்தைப் பாருங்கள். பின்வரிசைக்குத் தெரியாது, படித்தே காட்டிவிடலாம். மஞ்சள் தாள். மேலே கொட்டை எழுத்தில் 'ஆளுமை வளர்ச்சி முகாம்'. அடுத்த வரி, 'தேர்வு பயம் இனி இல்லை'. அதற்கடுத்து, 'சரளமாக ஆங்கிலம் பேசலாம்'. மூன்று நாள், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், கல்லூரி மாணவர்களுக்கு மட்டும். அடியில் ஒரு கைப்பேசி எண். அவ்வளவுதான். நடத்துவது யார்? இல்லை. அலுவலகம் எந்தத் தெருவில்? இல்லை. பேசப்போகிறவர் யார்? அதுவும் இல்லை.

ரயில் நிலையத்தில் இதை வாங்கிக்கொண்டு போன இந்த ஊர்ப் பெண், முதல் நாள் மத்தியானமே வீட்டுக்கு போன் போட்டது. 'அப்பா, இங்கே இங்கிலீஷ் கிளாஸே இல்லை. காலையிலிருந்து ஜெபம்தான். கண்ணை மூடிக் கையைத் தூக்கச் சொல்றாங்க. தூக்காதவங்க பக்கத்துல ஒரு அக்கா வந்து உட்கார்ந்துக்கறாங்க' என்றது. அப்பா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் மகளைக் கூட்டி வந்தார். சண்டை போடவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்றவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: 'ஜெபக் கூட்டம்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கலாமே சார்?'

பதில் வரவில்லை. அந்தப் பதிலைக் கேட்டு வாங்கத்தான் இன்றைக்கு இந்த மேடை.

உடனே ஒரு தரப்பு கிளம்பும்: 'ஆத்துமாவைக் காப்பாற்றும் அவசரத்தில் இருக்கிறோம், பெயர் போட நேரமில்லை!' இன்னொரு தரப்பு தடியோடு வரும்: 'பைபிளைக் கையில் வைத்திருப்பவன் எவனாக இருந்தாலும் பிடித்து உள்ளே போடு!' இரண்டு பேருக்கும் இந்த மேடையில் இடமில்லை. தடியோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்திலிருக்கும் பழவேற்காட்டில் 1515ஆம் ஆண்டிலிருந்து மகிமை மாதா கோயில் இருக்கிறது. நம் ஊரையே வடகாஞ்சி என்று சொல்ல வைத்த ஏகாம்பரநாதர் கோயிலும் இருக்கிறது. ஐந்நூறு வருடமாக இந்தக் கரையில் மணியும் அடிக்கிறது, சங்கும் ஊதுகிறது. மாதா கோயில் வாசலில் மாதா கோயில் என்றுதான் பெயர். வேலைவாய்ப்பு முகாம் என்று பலகை மாட்டி யாரும் உள்ளே அழைக்கவில்லை. சண்டை கிறிஸ்தவரோடு இல்லை. பெயரை மறைக்கிறவரோடுதான் சண்டை.

இந்தச் சண்டை நேற்றுப் பிறந்ததும் இல்லை. சென்னைக்கு இதில் நூற்றெண்பது வருடப் பழக்கம் உண்டு.

1837இல் ஸ்காட்லாந்திலிருந்து ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் வந்தார். அன்று கறுப்பர் பட்டணம் என்று சொல்லப்பட்ட ஜார்ஜ் டவுன் பகுதியில் பள்ளி நடத்தினார். ஆங்கிலம் கிடைக்கிறது என்று ஊரே பிள்ளைகளை அனுப்பியது. 1841இல் அங்கே படித்த இளைஞர் இருவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பட்டணம் கொந்தளித்தது. நானூறைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை சில பத்துகளாகச் சரிந்தது. அடுத்த ஆண்டு, 1842 ஜனவரியில், பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளி திறந்தது. நம் பிள்ளைகள் ரயிலேறிப் போகும் பச்சையப்பன் கல்லூரிக்கு வேர் அதுதான். ஆண்டர்சனின் பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது.

1846இல் அன்றைய கவர்னர் ட்வீடேல் பிரபு ஒரு படி மேலே போனார். அரசுக் கல்வியிலேயே பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்றார். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் பட்டணத்தைத் திரட்டினார். 'கிரசென்ட்' என்று பத்திரிகை நடத்தியவர் அவர். ஊர்க்கூட்டம் போட்டு, மனு எழுதி, கையெழுத்து வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில், கம்பெனி கவர்னரை எதிர்த்து, மனுப் போட்டு ஜெயித்த ஊர் இது. இன்று ஒரு கல்லூரி முதல்வரிடம் மனுக் கொடுக்கத் தயங்குகிறோம்!

1888இல் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர் ஒருவர் மதம் மாற முன்வந்ததும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். மறுவருடமே சிவசங்கர பாண்டியா முயற்சியில் இந்து தியலாஜிக்கல் உயர்நிலைப்பள்ளி தொடங்கியது. சௌகார்பேட்டை மின்ட் தெருவில் போகும்போது இன்றும் பார்க்கலாம்.

கடல் தாண்டியும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷனின் பள்ளியிலேயே ஆசிரியர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தவர். அவரே 1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதல் சொற்பொழிவை ஆற்றினார். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். பாதிரிமாரிடமே பிரசங்கக் கலையையும் அச்சுக் கலையையும் கற்று, அவர்களுக்கே பதில் சொன்னார். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரி 1855இல் மூடப்பட்டது. பிள்ளைகள் ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்குப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருவதில்லை என்பது மிஷன் மேலிடத்தின் குறை. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகி, சைவராகி, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். மாணவனுக்குச் சொந்தப் புத்தி உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இந்தப் பழங்கதையெல்லாம் எதற்கு என்றால், ஆண்டர்சனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அவர் தன் பள்ளியை மிஷன் பள்ளி என்றே சொன்னார். பைபிள் வகுப்பு உண்டு என்று தெரிந்துதான் பட்டணத்தார் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், தெரிந்துதான் வெளியே கூட்டிப் போனார்கள். எதிராளி யாரென்று லட்சுமிநரசு செட்டியாருக்குத் தெரியும். நாவலருக்கும் தெரியும். இந்த மஞ்சள் தாளைக் கையில் வைத்திருக்கும் அப்பாவுக்கு? பெயர் எங்கே?

நம் காலத்துக்கு வருவோம். 1951இல் அமெரிக்காவில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், பில் பிரைட் என்பவர் 'கேம்பஸ் குருசேட்' இயக்கத்தைத் தொடங்கினார். கல்லூரிக்குள் சிலுவைப் போர் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். 2011இல் அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சுருக்கி 'குரூ' என்று வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 1954இல் யூஇஎஸ்ஐ என்ற சுவிசேஷ மாணவர் சங்கம் வந்தது. அதன் முன்னோடிகளில் ஒருவர் நம் மாநிலக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் எச். ஏனோக். விலங்கியல் பேராசிரியர் என்ன எழுதினார் தெரியுமா? பரிணாமக் கொள்கையை மறுத்து 'எவல்யூஷன் ஆர் கிரியேஷன்' என்று 1966இல் ஒரு புத்தகம். காலையில் வகுப்பில் டார்வின், சாயங்காலம் புத்தகத்தில் டார்வினுக்கு விடுமுறை! சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த மனிதர் அட்டையில் தன் பெயரைப் போட்டார். மறுத்து எழுத நினைத்தவர் எழுதலாம். வாதம் என்றால் அதுதான் வாதம்.

மறைத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று உலகம் பார்த்துவிட்டது. 1979இல் பாஸ்டன் பக்கத்தில் கிப் மெக்கீன் என்பவர் தலைமையில் ஒரு சபை கல்லூரி மாணவர்களைக் குறிவைத்துக் கிளம்பியது. சேருகிற ஒவ்வொரு மாணவனுக்கும் மேலே ஒரு வழிகாட்டி. பாவங்களை அவரிடம் சொல்ல வேண்டும், பழக்கவழக்கத்துக்கு அவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். 1990களில் அமெரிக்காவின் பல கல்லூரிகள் அந்தச் சபைக்கு வளாகத்துக்குள் தடை போட்டன. 2002இல் மெக்கீன் தலைமையை விட்டு விலகினார். மறுவருடம் உள்ளிருந்தவர்களே கடிதம் எழுதிக் குமுறினார்கள்.

1961இல் தென்கொரியாவின் குவாங்ஜூ நகரில் தொடங்கிய 'யுனிவர்சிட்டி பைபிள் ஃபெல்லோஷிப்' பெயரிலேயே பல்கலைக்கழகத்தை வைத்திருக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் மேய்ப்பர், மாணவன் ஆடு. யாரைக் கல்யாணம் செய்வது என்பதுவரை மேய்ப்பர் முடிவு செய்தார் என்பது வெளியேறியவர்களின் குற்றச்சாட்டு. 1976லேயே மூத்த உறுப்பினர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அமெரிக்காவின் சுவிசேஷ சபைகளின் தேசியச் சங்கமே 2004இல் அந்த அமைப்பின் உறுப்பினர் தகுதியை ரத்து செய்து, 2008இல்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இதைச் செய்தது நாத்திகர் சங்கமா? சுவிசேஷ சபைகளின் சங்கம்!

அதே கொரியாவில் ஷின்சோன்ஜி என்று ஒரு குழு. மற்றக் கிறிஸ்தவ சபைகள் அதைக் கள்ள உபதேசம் என்கின்றன. பெயரை மறைத்து ஆள் பிடிப்பதில் பேர்போன குழு. 2020இல் தேகு நகரில் கொரோனா அந்தக் குழுவுக்குள் பரவியபோது, யார் யார் உறுப்பினர் என்று கண்டுபிடிக்கவே அரசு திணறியது. 'ஷின்சோன்ஜி ஆட்களுக்கு அனுமதி இல்லை' என்று கொரியத் தேவாலயங்களே வாசலில் எழுதி ஒட்டுகின்றன. பெயரில்லாமல் வருகிறவரைக் கண்டு பாதிரியாரே பயப்படுகிறார். அத்திப்பட்டுத் தொழிலாளி பயப்படக் கூடாதா?

இந்த ரயில் பாதையில் நம் பிள்ளைகளுக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவன், ஒரு தடத்து மாணவர் கும்பலுக்குத் தலைவனான 'ரூட்டு தல'. இன்னொருவர், 'தம்பி, அரியர் இருக்கா, கவலைப்படாதே' என்று தோளில் கை போடும் 'அண்ணன்'. ரூட்டு தலைக்கு இங்கே வக்காலத்து இல்லை. 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அடிபட்டுச் செத்தது இந்தக் கல்லூரிக் கோஷ்டி வெறியில்தான். ஆனால் அவன்கூடத் தன் கல்லூரிப் பெயரைக் கத்திக்கொண்டுதான் வருகிறான். நோட்டீஸ் அடிக்கிற அண்ணனுக்கு அந்தத் துணிச்சலும் இல்லையே!

யாருக்கு இந்த வலை? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடத்தில் விழி பிதுங்கும் பிள்ளைக்கு. மூன்று அரியர் வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொல்லப் பயப்படும் பிள்ளைக்கு. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு. அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டு, அதன்மேல் 'ஆங்கிலப் பயிற்சி' என்று இரை மாட்டுவது எந்த வேதத்தில் இருக்கிறது? ஓட்டல் நடத்துகிறவர்கூட சைவமா அசைவமா என்று பலகை வைக்கிறார். வயிற்றுக்குக் காட்டும் மரியாதையை மனசுக்குக் காட்ட மாட்டீர்களா?

மேடைக்கு வருமுன் ஒருவர் கேட்டார், ஆன்மிகப் பேச்சாளர் மகாவிஷ்ணு பள்ளிக்கு வந்தபோது எங்கே போனீர்கள் என்று. நல்ல கேள்வி. 2024இல் சென்னை அரசுப் பள்ளிகளுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்தார். பாவம், புண்ணியம், முற்பிறவி என்று பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து நின்று தட்டிக் கேட்டார். அந்த ஆசிரியருக்கு இந்த மேடை தலைவணங்குகிறது. மகாவிஷ்ணு பேச்சும் இந்த மஞ்சள் தாளும் ஒரே தப்புதான். வெளியே தன்னம்பிக்கை, உள்ளே மதம். அதன்பிறகு பள்ளி நிகழ்ச்சிகளுக்கு வழிகாட்டு நெறிமுறை வகுக்க முதலமைச்சர் உத்தரவிட்டார். பள்ளிப் பிள்ளைக்குக் கேட்ட அந்தக் கேள்வியைக் கல்லூரிப் பிள்ளைக்கும் கேளுங்கள். நெற்றியில் பட்டை போட்டவர் வந்தாலும் கேளுங்கள், கையில் பைபிள் வைத்திருப்பவர் வந்தாலும் கேளுங்கள்: பெயர் எங்கே?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பரப்பும் உரிமை என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகிவிடாது என்று ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அரசு அங்கீகாரமோ அரசு நிதியோ பெறும் கல்வி நிலையத்தில் படிக்கும் எவரையும், அவர் சம்மதம் இல்லாமல், வயது வராதவர் என்றால் காப்பாளர் சம்மதம் இல்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது. வெளியில் நடக்கும் முகாமை இந்தப் பிரிவு தொடாது என்று வக்கீல் சொல்லலாம். சட்டம் தொடாவிட்டாலும் அதில் இருக்கும் நியாயம் தொடும். சம்மதம் என்றால் எதற்குச் சம்மதம்? ஆங்கில வகுப்புக்குக் கொடுத்த சம்மதம் ஜெபத்துக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது.

2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்களே, அது மாதிரி இன்னொன்று வேண்டுமா என்றால், வேண்டாம். 2004இல் அது திரும்பப் பெறப்பட்டதே நல்லது. மாணவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று போலீஸ்காரர் விசாரிக்கத் தேவையில்லை. பதினெட்டு வயது ஆனவன் தெரிந்து தேர்ந்தெடுத்தால் அது அவன் உரிமை, பெற்றவர்களே ஆனாலும் அடிக்கக் கூடாது, அறையில் பூட்டக் கூடாது.

கேட்பது நான்கே நான்கு. மாணவரை அழைக்கும் எந்த அறிவிப்பிலும் அமைப்பின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மத நிகழ்ச்சி என்றால் மத நிகழ்ச்சி என்றே அச்சிட வேண்டும். எந்த நேரத்திலும் எழுந்து வெளியே வர வழி விட வேண்டும். அரியருக்கும் ஆங்கிலத்துக்கும் கல்லூரியே மாலை நேரத்தில் சிறப்பு வகுப்பு நடத்த வேண்டும். கடைசிக் கோரிக்கைதான் பெரியது. கல்லூரி கைகொடுத்தால் மஞ்சள் தாளைப் பிள்ளை எதற்கு வாங்கப் போகிறது?

பொன்னேரி அரசுக் கல்லூரியிலிருந்து வண்ணாரப்பேட்டைவரை இந்த ரயில் பாதையிலுள்ள எல்லாக் கல்லூரி முதல்வர்களுக்கும் இந்த மனு போகிறது. நகல் உயர்கல்வித் துறைக்கு. கையெழுத்துத் தாள் மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. இந்துவும் போடலாம், கிறிஸ்தவரும் போடலாம், முஸ்லிமும் போடலாம், சாமியே இல்லை என்பவரும் போடலாம். முழுப் பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.