சர்வரும் ஓர் அமானிதமே
(கணினித் துறை இளைஞர்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அன்புத் தம்பிகளே, தங்கைகளே! நம் அறக்கட்டளையின் இணையதளத்தைப் புது சர்வருக்கு மாற்றித் தர முன்வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக. மாத வாடகைக்கு சர்வர் எடுத்து, உபுண்டுவும் என்ஜின்எக்ஸும் நிறுவுவது உங்களுக்கு ஒரு மாலை நேர வேலை. அதைக் காப்பதுதான் பெரிய வேலை.

ஜகாத் உதவி கேட்ட ஒரு விதவைத் தாயின் பெயர், நோய், கடன் எல்லாம் அதில் இருக்கின்றன. தெருவில் யாருக்கும் தெரியக் கூடாதென்றுதான் அவர் நம்மிடம் சொன்னார். அது அமானிதம்.

போர்ட் எனும் கதவுகளில் 80, 443 மட்டும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கட்டும். நிர்வாகத்துக்கான 22-இல் பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு, சாவிக் கோப்பு வைத்திருப்பவரை மட்டும் அனுமதியுங்கள். டேட்டாபேஸுக்கு வெளியிலிருந்து வழியே இருக்கக் கூடாது.

லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் குறுகிய காலத்தில் காலாவதியாகும். தானாகப் புதுப்பிக்கும்படி அமையுங்கள். சென்ற ரமளானில் நம் சான்றிதழ் காலாவதியானது. பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கையைக் கண்டு, விண்ணப்பிக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். தளத்தை அமைத்த தம்பி வளைகுடா போய்விட்டார்; பாஸ்வேர்டு அவரிடம் மட்டுமே இருந்தது. தவறு அவருடையதல்ல, கேட்டு வாங்கி வைக்காத என்னுடையது.

ஆகவே இருவரிடம் தனித்தனிச் சாவி இருக்கட்டும். தினமும் நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டும் பாருங்கள்.

இப்பணியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.