இறந்தவள் யார்?



எங்கள் திருவொற்றியூரில் ஒரு மாலை அன்பியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். செபம் தொடங்குவதற்கு முன் நான்கைந்து பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு அந்த அம்மா மேலதான் சந்தேகம்" என்றார் ஒருவர். "இல்லக்கா, பொண்ணும் அப்படி இப்படின்னு சொல்றாங்களே" என்றார் இன்னொருவர். பக்கத்துத் தெருவில் ஏதோ நடந்துவிட்டது என்று பதறிப்போனேன். விசாரித்தால், பேச்சு 'வதந்தி' தொடரைப் பற்றி!

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 'மர்மதேசம்' நினைவிருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கி, 1990-களில் சன் டிவியில் வந்தது. ஒரு பகுதி முடிந்தால் அடுத்ததற்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இன்று காத்திருப்பு போய்விட்டது. நிதானம் மட்டும் இருக்கிறது. 2022 ஜூனில் வந்த 'சுழல்' எட்டுப் பகுதிகள். சிமெண்ட் தொழிற்சாலையில் தீ, அதே வேளையில் சங்கத் தலைவரின் மகளைக் காணவில்லை. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் அதை ஏன் விடாமல் பார்த்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் 'வதந்தி' வந்தது. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கியது, இதுவும் எட்டுப் பகுதிகள். கன்னியாகுமரிப் பக்கம் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடைக்கிறது. பிரபல நடிகை இறந்துவிட்டார் என்று செய்தி பறக்கிறது. நடிகையோ உயிரோடு இருக்கிறார். அப்படியானால் இவள் யார்? லாட்ஜ் நடத்தும் ரூபியின் மகள் வெலோனி, ஆங்கிலோ இந்தியப் பெண். எஸ்.ஜே.சூர்யா நடித்த எஸ்.ஐ. விவேக் ஒவ்வொருவராகக் கேட்டுப் போகிறார். ஒவ்வொருவரும் ஒரு வெலோனியைச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்லும் பெண்ணுக்கும் மற்றவர் சொல்லும் பெண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. (கொலையாளி யார் என்று நான் சொல்லமாட்டேன். பார்க்காதவர்கள் சண்டைக்கு வருவீர்கள்.)

அரை மணி நேரக் கதையில் பிணம் என்பது ஒரு புதிர் மட்டுமே. மெதுவாக நகரும் கதையில் அந்தப் பெண்ணின் அறை, அவள் அம்மாவின் கோபம், அவள் பயந்த பயம் எல்லாம் தெரிய வருகின்றன. நம்மைக் கட்டிப்போடுவது அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் கூடவே இன்னொன்றும் நடக்கிறது. மூன்றாவது பகுதிக்குள்ளேயே அவளைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சாட்சி இல்லை, ஆதாரம் இல்லை. யாரோ சொன்னார்கள், நானும் தலையாட்டினேன்.

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று நாம் வாசிக்கும் சூசன்னாவின் கதையும் இப்படித்தான். இரண்டு முதியவர்கள் சொன்னார்கள், மக்கள் கூட்டம் நம்பிவிட்டது. இளைஞர் தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1928-இல் வெளியிட்ட தொகுப்பில் இந்தக் கதையையும் சேர்த்திருந்தார். கவனியுங்கள்: கூட்டத்தில் ஒருவர்கூட அதற்கு முன் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த பங்கில் ஓர் இளம்பெண் திடீரென இறந்துபோனாள். துக்க வீட்டுப் பந்தலிலேயே நான்கு கதைகள் உலாவின. காதல் என்றார்கள், கடன் என்றார்கள். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் நான் உபதேசியாரிடம், "உண்மையில் என்னதான்யா நடந்தது?" என்று கேட்டேன். அவர் எனக்கு ஐந்தாவது கதையைச் சொன்னார்.

முப்பதாம் நாள் திருப்பலிக்குச் சொல்லிவைக்க அவள் அம்மா வந்தார். பெயரை எழுதிக்கொண்டேன். எழுந்துபோகாமல் உட்கார்ந்தே இருந்தார். "சாமி, எப்படிச் செத்தான்னு எல்லாரும் கேட்டுட்டாங்க. அவ எப்படி இருந்தான்னு ஒருத்தரும் கேக்கல."

அப்போதுதான் கேட்டேன். தையல் வேலை முடிந்து வரும்போது காசிமேட்டில் இறங்கி, மீன் தலைகளைக் கேட்டு வாங்கி வருவாளாம், தெருப் பூனைகளுக்கு. அவள் வரும் நேரம் அந்தப் பூனைகளுக்குத் தெரியுமாம். "இன்னமும் ஏழு மணிக்கு வாசல்ல வந்து நிக்குதுங்க சாமி" என்றார்.